பாரிஸ்: லாச்சப்பல், பர்பெஸ் பக்கம் தங்கலாமா? சந்தை பார்க்க வேண்டும்

கொண்டித்தோப்பு | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அக்டோபரில் அலுவலக வேலையாகப் பாரிஸ் போகிறேன். வேலை வியாழனோடு முடிகிறது. வெள்ளியும் சனியும் என்னுடையவை. ஞாயிறு மதியம் விமானம். கொடுக்கிற படிக்குள் அடங்குகிற மாதிரி கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஏற்கெனவே போய் வந்த சக ஊழியரிடம் சொன்னேன். "அங்கேயா?" என்று முகம் சுளித்தார். அழுக்கு, திருட்டு, போதைமருந்து, இருட்டிய பிறகு தலை காட்ட முடியாது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

ஈபிள் கோபுரத்தை ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் எனக்குப் போதும். நான் வளர்ந்தது கொத்தவால்சாவடிக்கு நாலு தெரு தள்ளி. 1996இல் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோகும் வரை, அழுகிய முட்டைகோஸ் இலை வாசனையில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சந்தைக்குள் ஒருமுறை நுழைந்து வராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அறையை மாற்றவா? எந்தச் சந்தை, எந்தக் கிழமை? சைவச் சாப்பாடு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவைக்காரன் | செவ்வாய், இரவு 10.55

மாற்றிவிடுங்கள். 15ஆம் வட்டாரத்தில் பாருங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நிம்மதி.

நாங்கள் புதுச்சேரிக் குடும்பம். 1962இல் யார் எந்தக் குடியுரிமை என்று கேட்டபோது, பிரெஞ்சுப் படையில் இருந்த என் தந்தை பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். நான் சிறுவனாக இருந்தபோது மிளகாய்த்தூள் வாங்க எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் பாசாஜ் பிராடி. 1828இல் கட்டிய, கண்ணாடிக் கூரை போட்ட சந்து. எழுபதுகளில் எங்கள் ஊர்க்காரர்கள்தான் அங்கே மசாலாச் சாமானும் சாப்பாட்டுக் கடையும் போட ஆரம்பித்தார்கள். இன்று போய்ப் பாருங்கள், வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். எல்லாக் கடையிலும் ஒரே சிவப்புக் கோழி.

லா ஷபெல், பர்பெஸ் பக்கம் நான் கால் வைத்துப் பதினொரு வருடம் ஆகிறது. கடைசியாகப் போனபோது சட்டைப்பையில் இருந்த கைப்பேசி போயிற்று. காலடியில் எல்லாம் சோளக்கட்டையும் எச்சிலும். பாரிஸுக்கு வருகிறவர் பார்க்க வேண்டிய இடமா அது?

மணல்காட்டான் | புதன், பின்னிரவு 12.15

தம்பி கொண்டித்தோப்பு, அறையை மாற்ற வேண்டாம். வேலை முடித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

நான் 1986இல் வந்து இறங்கியதே கார் து நோரில்தான். கையில் இருந்த துண்டுக் கடதாசியை முதலில் கண்ட தமிழரிடம் காட்டினேன். "லாச்சப்பலுக்குப் போ" என்றார். லா ஷபெல் என்ற மெற்றோ நிலையத்தை எங்கள் சனம் அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சில் சரியாக உச்சரிப்பார்கள். தமிழ் கதைக்கும்போது அவர்களுக்கும் லாச்சப்பல்தான். 1983க்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்தவர்கள்தான் இங்கே கடை போட்டோம். முதலில் பலசரக்கு. பிறகு வீடியோ கசெற் வாடகை. பிறகு தொலைபேசி அட்டை. அட்டை விற்றுச் சேர்த்த காசில் நகைக்கடை வைத்தவர்கள் உண்டு. கசெற்றும் அட்டையும் போய்விட்டன, நகைக்கடையும் புடவைக்கடையும் மரக்கறிக் கடையும் நிற்கின்றன.

வெளியாட்கள் இரண்டு மூன்று இடங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தூண்களின் மேலே ஓடுகிற 2ஆம் இலக்க மெற்றோவை அடையாளமாக வையுங்கள். 1903இல் இருந்து அப்படித்தான் ஓடுகிறது. அந்தத் தடத்தில் நான்கே நிலையங்கள்தான் ஆகாயத்தில் இருக்கின்றன: பர்பெஸ், லாச்சப்பல், ஸ்தாலின்கிராட், ஜோரெஸ். லாச்சப்பலில் இறங்கித் தெற்கே நடந்தால் போபூர் சென் தெனி வீதி, அதற்குக் குறுக்கே ரூ கை, ரூ பெர்தொனே. அது நாங்கள். மேற்கே ஒரு நிலையம் தள்ளிப் பர்பெஸ். அங்கே அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா. பர்பெஸில் இருந்து வடக்கே ஏறினால் சில நிமிடங்களில் ஷாத்தோ ரூஜ். அங்கே செனகல், மாலி, கொங்கோ, கமரூன். மூன்றையும் நடந்து முடிக்க அரை மணி போதும், ஒன்றும் வாங்காவிட்டால்.

பர்பெஸ் சந்தை புதனும் சனியும் காலையில், மெற்றோ பாலத்துக்கு நேர் கீழே. சனிக்குப் போங்கள். ஷாத்தோ ரூஜில் ரூ தெஜான் என்ற சின்னத் தெரு முழுக்கச் சந்தை, திங்கள் தவிர. சைவச் சாப்பாட்டுக்கு ரூ கை. தோசையும் உண்டு, சோறும் உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். எங்கள் கடைகளில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து வாங்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், முதலாளியே இரண்டு முறித்துக் காட்டுவார். ரூ தெஜானில் அதைச் செய்யாதீர்கள். என் மனைவி ஒருமுறை செய்தாள். கடைக்கார அம்மா கையில் ஓர் அடி வைத்தார். வெண்டிக்காயின் பெயர் அவர்களுக்கு ‘கொம்போ’. பெயர் வேறென்றாலும் முறித்தால் வருகிற கோபம் ஒன்றுதான்.

இரவுப்பணி | புதன், காலை 8.20

மணல்காட்டான் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆண்களுக்கு.

நான் பக்கத்து மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறேன். இரவு எட்டே முக்காலுக்குப் பர்பெஸ் நிலையத்தில் இறங்குவேன். படியிறங்கும்போதே "மார்ல்போரோ, மார்ல்போரோ" என்று காதில் விழும். கள்ளச் சிகரெட் விற்கிறவர்கள் வாசலை அடைத்து நிற்பார்கள். நடுவில் ஓர் ஆள் போகிற அளவு இடம் விட்டிருப்பார்கள், அந்த இடத்தில்தான் நடக்க வேண்டும். கை வைத்தவர் யாரும் இல்லை. ஆனாலும் பத்து வருடமாக அந்த முப்பது அடியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன்.

2017 மே மாதத்தில் லா ஷபெல், பஜோல் தெருப் பக்கம் பெண்களால் நடமாட முடியவில்லை என்று ஒரு மனு எழுந்து, பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாம் அதைப் பற்றியே பேசின. கையெழுத்துப் போட்ட பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவை அரசியல்வாதிகள் வந்து படம் பிடிக்கிற இடமாக்கிவிட்டீர்கள் என்று எதிர்த்த பெண்களையும் தெரியும். இரண்டு கூட்டமும் ஒரே பாண் கடையில் வரிசையில் நிற்கிறவர்கள்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே பாலத்துக்குக் கீழே கூடாரங்கள் இருந்தன. சூடான், எரித்திரியாப் பிள்ளைகள். 2015 ஜூன் 2ஆம் தேதி காலை பொலிஸ் வந்து அப்புறப்படுத்தியது. இந்தப் பிள்ளைகளில் சிலரைப் பிறகு இருமலோடு எங்கள் வாசலில் பார்த்தேன்.

ஆகவே "சந்தை அழகாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். வாருங்கள், பாருங்கள். நிலைய வாசலில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். பையை முன்னால் போடுங்கள். நடைபாதையில் பெட்டி விரித்து விற்கிற பெண்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்களில் பலருக்கு வதிவிட அனுமதி இல்லை. உங்களுக்கு அது ஒரு படம், அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

சும்மா | புதன், காலை 10.05

காய்கறிச் சந்தை பார்க்கப் பாரிஸா? மண்ணடிக்குப் போனால் ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

கொண்டித்தோப்பு | புதன், இரவு 8.30

சும்மா அவர்களே, மண்ணடிக்கு எனக்கு ஆட்டோவே வேண்டாம், நடந்தே போய்விடுவேன். அதனால்தான் பாரிஸ்.

மணல்காட்டான் ஐயா, மிக்க நன்றி. அறையை மாற்றவில்லை. இரவுப்பணி அவர்களே, படம் பற்றிச் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். எனக்குத் தோன்றியே இருக்காது. இன்னொரு கேள்வி. என் மனைவிக்கு அங்கிருந்து துணி ஏதாவது வாங்கலாமா? பாரிஸ் என்றதும் வாசனைத் திரவியம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

தையற்காரி | வியாழன், பிற்பகல் 3.10

துணி என்ற சொல்லைப் பார்த்ததும் வந்துவிட்டேன். நான் 2003இல் இருந்து கூத் தோரில் குடியிருக்கிறேன், வீட்டிலேயே தையல். கூத் தோர் என்றால் பொன்துளி. முன்பு இங்கே திராட்சைத் தோட்டம் இருந்ததாம், வெள்ளை வைனின் நிறத்தால் வந்த பெயர். இப்போது துளி என்றால் மழைக்குக் கூரை ஒழுகுவதுதான்.

ஷாத்தோ ரூஜில் வாக்ஸ் என்கிற மெழுகு அச்சுத் துணி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தரையிலிருந்து கூரை வரை மடித்து அடுக்கியிருப்பார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் அளவைக் கேளுங்கள். ஒரு துண்டு ஆறு கெஜம். நம் புடவையும் ஆறு கெஜம்தானே! முதன்முதலாக அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் அதில் ஒரு பாவாடை, ஒரு சட்டை, தலைக்கட்டு மூன்றும் எடுப்பார்கள்; கத்தரி வைக்கத் தெரிந்தவள் குழந்தைக்கு ஒரு கவுனும் சேர்த்து எடுப்பாள்.

இதை ஆப்பிரிக்கத் துணி என்கிறோம். கதை அவ்வளவு நேராக இல்லை. ஜாவாவில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற பத்திக் துணியை எந்திரத்தில் போலி செய்ய டச்சுக்காரர்கள் பார்த்தார்கள். மெழுகு வெடித்துச் சாயம் கசிந்து கோடு கோடாக வந்தது. ஜாவாக்காரர்களுக்கு அது குறை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அந்தக் கோட்டுக்காகவே வாங்கினார்கள். 1846இல் ஹெல்மொன்ட் என்ற டச்சு ஊரில் தொடங்கிய விலிஸ்கோ இன்னும் அச்சடித்து அனுப்புகிறது. அசலுக்குக் கரையில் பெயர் அச்சிட்டிருக்கும், விலையும் அசலாக இருக்கும். மலிவானது சீனாவில் இருந்து வருகிறது. துணியைப் புரட்டிப் பாருங்கள்: நல்ல வாக்ஸில் முன்பக்கம் பின்பக்கம் தெரியாது, இரண்டும் ஒரே அடர்த்தி. பின்பக்கம் வெளுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் நைஜீரியாப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்குத் தைக்க ஒரு கனமான துணி கொண்டுவந்தாள். சரிகை, மணி வேலை எல்லாம். என்ன துணி என்றேன். ‘ஜார்ஜ்’ என்றாள். எந்த ஜார்ஜ் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் என் அப்பா சென்னையில் ஏற்றுமதித் துணிக்கடையில் கணக்கு எழுதினார். புனித ஜார்ஜ் கோட்டைதான். மதராஸ் பட்டணத்தில் இருந்து கப்பலேறிய துணிக்குக் கோட்டையின் பெயர் ஒட்டிக்கொண்டு, நைஜீரியாவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் சுற்றி, பாரிஸில் என் தையல் எந்திரத்துக்கு வந்திருக்கிறது. அவளிடம் சொன்னேன். "அப்படியென்றால் தையல் கூலியைக் குறைத்துக்கொள், உன் ஊர்த் துணிதானே" என்றாள்.

என் ஜன்னலில் இருந்து சென் பெர்னார் தேவாலயம் தெரியும். 1996இல் அனுமதிப் பத்திரம் இல்லாத ஆப்பிரிக்கர்கள் முந்நூறு பேர் அளவில் அதற்குள் தங்கிப் போராடினார்கள். ஆகஸ்ட் 23 காலை பொலிஸ் கோடரியால் கதவை உடைத்து உள்ளே போனது. பக்கத்து வீட்டு மாலி நாட்டு அம்மா இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கதவை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் நடப்பார். இவர் முஸ்லிம். நடைபாதைப் பெண்களை ஏன் படம் எடுக்கக் கூடாது என்று இரவுப்பணி சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவைக்காரன் | வியாழன், இரவு 9.00

ஜார்ஜ் துணி பற்றி எனக்குத் தெரியாது. மதராஸ் துணி தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா குவாதலூப் என்ற கரீபியத் தீவுக்காரர். விசேஷ நாளில் கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொள்வார், அதற்குப் பெயரே ‘மத்ராஸ்’. கட்டத்தைப் பார்த்தால் நம் ஊர்க் கைலி.

அவர் வீட்டில் ஞாயிறு தோறும் ‘கொலம்போ’ சமைப்பார். முதல் தடவை கிண்ணத்தில் கொடுத்தபோது முகர்ந்து பார்த்தேன்: கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு. என் அம்மா வறுத்து அரைத்த வாசனை, கொஞ்சம் தூங்கி எழுந்தது போல. 1853இல் இருந்து முப்பது வருடத்துக்கு மேல் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் இருந்து மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஆள் ஏற்றினார்கள். அவர்களோடு போனதுதான். அந்த அம்மாவின் அப்பாவழிக் கொள்ளுப்பாட்டிக்குத் தமிழ்ப் பெயர். அவருக்கு அந்தப் பெயரைத் தவிர ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது.

அந்தக் கொலம்போத் தூளை அவர் எங்கே வாங்குகிறார் என்று இன்று கேட்டேன். ஷாத்தோ ரூஜாம். மாதம் ஒரு தடவை இரண்டு ரயில் மாறிப் போகிறார். வயது எழுபத்து மூன்று.

மணல்காட்டான் | வியாழன், இரவு 11.50

புதுவை ஐயா, அந்த அம்மாவுக்குத் துணையாக ஒருநாள் போய்ப் பாருங்கள். பையைத் தூக்க ஆள் வேண்டும் அல்லவா?

தம்பிக்கு இன்னும் சில. பர்பெஸ் முனையில் ததி என்ற கடை இருந்தது. துனிசியாவில் இருந்து வந்த யூதர் ஜூல் உவாக்கி 1948இல் திறந்தது. வெள்ளையும் ரோசாவும் கட்டம் போட்ட பை. நான் வந்த முதல் குளிருக்கு மேலங்கி அங்கேதான் எடுத்தேன். பெட்டியில் மலைபோல் கொட்டி வைத்திருப்பார்கள். கையை விட்டுத் துழாவி அளவு பார்த்து எடுக்க வேண்டும். அரபுப் பெண்ணும் நானும் ஒரே கையுறையின் ஆளுக்கொரு விரலைப் பிடித்து இழுத்திருக்கிறோம். 2021இல் மூடிவிட்டார்கள். எதிர்ப்புறம் லூக்சோர் சினிமாக் கொட்டகை, 1921இல் எகிப்துக் கோயில் மாதிரிக் கட்டியது. அதை ஒரு காலத்தில் ததிதான் வாங்கி வைத்திருந்தது. பிறகு நகரசபை வாங்கி, திருத்தி, 2013இல் திறந்தது. உள்ளே ஒருமுறை போய்க் கூரையைப் பாருங்கள்.

ரயில் பாலத்துக்குக் கீழே அட்டைப்பெட்டி மேல் மூன்று வட்டத்தை உருட்டிக்கொண்டு சிலர் நிற்பார்கள். நிற்காமல் போங்கள். சுற்றி நின்று ஜெயிக்கிறவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்கள்.

கொண்டித்தோப்பு | 17 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.20

திரும்பி வந்துவிட்டேன். கடன் தீர்க்க எழுதுகிறேன்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வட்ட ஆட்டம். நின்றேன். மணல்காட்டான் ஐயா சொன்னதை மறந்து நிற்கவில்லை, நினைவில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். ‘எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று பார்க்கலாம்’ என்ற அறிவுத் தாகம். பூக்கடை போலீஸ் நிலையத்துப் பின்னால் மூன்று சீட்டு பார்த்து வளர்ந்தவன் நான்! பின்னலிட்ட ஒரு பாட்டி ஐம்பது யூரோ ஜெயித்தார். என் கண்ணுக்கு வட்டம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஐம்பது வைத்தேன். போயிற்று. யாரோ விசில் அடித்தார்கள். பெட்டியை உதைத்துவிட்டு எல்லோரும் ஒரே திசையில் ஓடினார்கள், அந்தப் பாட்டி எல்லோருக்கும் முன்னால்.

வெள்ளிக்கிழமை முழுக்க லாச்சப்பல். என்னவோ யாழ்ப்பாணத்தைப் பார்க்கப்போவதாக நினைத்துக்கொண்டு போனேன். கண்ணில் பட்டது கணக்கு வழக்கு. சரக்கு வண்டி தெருவில் பாதியை அடைத்து நிற்கிறது. பின்னால் ஹாரன். கடைப் பையன் முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் பிரெஞ்சுக்காரக் காரோட்டியை "பொறு, பொறு" என்று தமிழிலேயே அடக்குகிறான். பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். வெளியே இருந்து பார்த்தால் ஏதோ அலுவலகம் மாதிரி இருக்கிறது; கதவைத் திறந்ததும் விபூதி. தேர்த் திருவிழா ஆகஸ்ட் கடைசியிலேயே முடிந்துவிட்டது. தெருவெல்லாம் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள், அடுத்த தடவை அதற்கு வாருங்கள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். ரூ கையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. கத்தரிக்காயில் பால் விட்டிருந்தார்கள். நம் பக்கம் அப்படிச் செய்ய மாட்டோம். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பர்பெஸ். இதற்குத்தான் நான் போனேன்.

பாலத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கடை, நடுவில் ஒரே ஒரு பாதை. உள்ளே நுழைந்தால் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தள்ளுவண்டிப் பைகளின் சக்கரம் காலில் ஏறுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ரயில் ஓடும்போது கூவுகிறவர்கள் வாயை மூடுவதில்லை. ரயிலுக்கு மேல் கூவுகிறார்கள். எந்த மொழி என்றே பிடிபடவில்லை, ஒரு யூரோ என்பது மட்டும் புரிந்தது. காம்போடு குலை குலையாகப் பேரீச்சம்பழம், பச்சையும் மஞ்சளுமாக. சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள். எங்கள் பாட்டி ஊரில் வேலியோரத்தில் மாடு மேயும் இடத்தில் கிடப்பது! புதினாக் கட்டு எங்கே பார்த்தாலும். பாதி வழியில் நின்றுவிட்டேன். ஈரச் சாக்கு, மிதிபட்ட கீரை, மீன் தண்ணீர், கொஞ்சம் டீசல். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் முகராத வாசனை. பின்னால் வந்த அம்மா முழங்கையால் இடித்ததும் நடந்தேன்.

மதியம் திரும்பவும் போனேன், சந்தை கலைகிறதைப் பார்க்க. கம்பிகளை உருவிக் கட்டுகிறார்கள், பச்சைச் சட்டை போட்ட நகராட்சி ஊழியர்கள் தண்ணீர்க் குழாயோடு காத்திருக்கிறார்கள். அந்தப் பத்து இருபது நிமிட இடைவெளியில் இன்னொரு கூட்டம் வருகிறது. அட்டைப்பெட்டிகளைப் புரட்டி, நசுங்காத தக்காளியை, முனை மட்டும் அழுகிய மிளகாயைப் பொறுக்குகிறவர்கள். நல்ல கம்பளிக் கோட்டும் சரியாக வாரிய வெள்ளை முடியுமாக ஒரு பிரெஞ்சு மூதாட்டி. ஒவ்வொரு தக்காளியையும் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஒரு கடைக்காரர் இவரைப் பார்த்ததும் எடுத்துக்கட்டிய பெட்டி ஒன்றை மறுபடி இறக்கி, பேசாமல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். கொத்தவால்சாவடியில் மதிய நேரத்தில் உதிர்ந்த கொத்தமல்லியைக் கூட்டிச் சேர்க்க வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கைக்குட்டை இருந்ததில்லை.

இரவுப்பணி அவர்கள் சொன்ன அந்த முப்பது அடியையும் இரவு ஒன்பது மணிக்கு நடந்து பார்த்தேன். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சிகரெட் வேண்டுமா என்பதைத் தவிர. எனக்கு முன்னால் போன பெண் காதில் கைப்பேசியை வைத்துப் பேசிக்கொண்டே போனார். அது அணைந்திருந்தது, திரை இருட்டாக இருந்தது. நீங்கள் எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் நான் அதைக் கவனித்திருக்கப்போவதில்லை.

ரூ தெஜானில் வெண்டைக்காயை நான் தொடவே இல்லை. மரவள்ளிக்கிழங்கு, அதன் கீரை, சேனை மாதிரி பெரிய கிழங்குகள், கருவாடு, இலையில் சுற்றிக் கட்டிய ஏதோ ஒன்று. தெருமுனையில் பிளாஸ்டிக் பையில் காய்ந்த சிவப்புப் பூ மாதிரி ஒன்றை ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தார். ‘பிசாப்’ என்றார். ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பு! நாக்குக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, பெயர்தான் வர நேரமாயிற்று. புளிச்சக்கீரை. நாம் இலையைக் கடைந்து சாப்பிட்டுவிட்டு விட்டுவிடுகிற செடியில் இவர்கள் பூவின் புல்லியைக் காயவைத்துக் குடிக்கிறார்கள். கைப்பேசியில் செடியின் படத்தைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். வயதில் என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார்.

வாக்ஸ் ஆறு கெஜம் வாங்கினேன், புரட்டிப் பார்த்து. மனைவி மேலே போட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டிக்கொண்டு கந்தகோட்டத்துக்குப் போக முடியாது" என்று திரைச்சீலைக்கு எடுத்து வைத்திருக்கிறாள். தையற்காரி அவர்கள் மன்னிக்க வேண்டும்.

அரைக் கிலோ பிசாப் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?

இரவுப்பணி | திங்கள், காலை 8.40

அந்தத் திரை இருண்ட கைப்பேசியை நானும் வைத்திருக்கிறேன். நன்றி.

பிசாப்: ஒரு கை எடுத்துக் கழுவி, ஒரு லீட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வடித்து, சூட்டிலேயே சீனி போடுங்கள், நினைத்ததைவிட அதிகமாக. ஒரு பிடி புதினா. ஆற வைத்துக் குளிரூட்டியில். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடிக்காதீர்கள். வார்டில் என்னோடு வேலை செய்யும் செனகல்காரி சொல்லித் தந்தது.

தையற்காரி | திங்கள், பகல் 11.30

திரைச்சீலையா! ஓரம் மடிக்கும்போது கரையில் இருக்கிற எழுத்தை வெட்டிவிடாதீர்கள், அதற்குத்தான் பாதி விலை.

சும்மா | திங்கள், பகல் 12.10

ஐம்பது யூரோ என்றால் நம் காசுக்கு எவ்வளவு?

கொண்டித்தோப்பு | திங்கள், பகல் 12.25

மனைவியும் இதைப் படிக்கிறாள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

புதுவைக்காரன் | சனி, மாலை 6.15

பக்கத்து வீட்டு அம்மாவோடு இன்று காலை ஷாத்தோ ரூஜ் போனேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கொலம்போத் தூள், இரண்டு வகைக் கிழங்கு, கருவாடு எல்லாவற்றையும் நான்தான் தூக்கினேன். அவர் மிளகாய்க்குப் பேரம் பேசியதை நின்று பார்த்தேன், இருபது நிமிடம். குப்பை அப்படியேதான் இருக்கிறது. சோளக்கட்டையும் இருக்கிறது.

வெண்டைக்காய் நுனியை முறித்துப் பார்த்தேன். மணல்காட்டான் சொன்னது உண்மை, அடி நன்றாகவே விழுகிறது. காய் முற்றல்.

மணல்காட்டான் | சனி, இரவு 11.58

லாச்சப்பலில் பிஞ்சு வந்திருந்தது ஐயா.